எத்தனை நாளாச்சு?

தம்பியை அவசரப் பிரிவில் இறக்கிய இரவில் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். கேட்டவர் பயிற்சி மருத்துவர், தம்பி வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. “எத்தனை நாளாச்சும்மா?” என்றார். அம்மா “ஒரு வாரமா” என்றார். நான் “பதினைந்து நாள் இருக்கும்” என்றேன். திருப்பூரில் அவனோடு ஒரே ரூமில் தங்கியிருந்த பையன் எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தான். “இல்லீங்க, தலைவலின்னு சொல்ல ஆரம்பிச்சு இன்னிக்கு இருபத்திரண்டு நாளுங்க” என்றான். மருத்துவர் பேனாவை நிறுத்தி அவனை ஒரு நிமிடம் பார்த்தார். அப்புறம் எங்கள் இருவர் கணக்கையும் அடித்துவிட்டு 22 என்று எழுதினார்.

அந்த எண் எவ்வளவு பெரியது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. நான் பள்ளி ஆசிரியை, மருத்துவம் படித்தவள் இல்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தபோது மருத்துவர்களிடம் கேட்டும், கிடைத்ததையெல்லாம் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தம்பிக்கு வந்தது மூளை உறையில் வரும் காசநோய். மருத்துவர்கள் ‘டி.பி. மெனிஞ்சைட்டிஸ்’ என்பார்கள். வார்டில் எல்லோரும் ‘மூளை டி.பி.’ என்றார்கள். டி.பி. என்றால் இருமல், சளி, ரத்தம் என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். தம்பி ஒரு நாள்கூட இருமவில்லை. கிருமி மூச்சு வழியாகத்தான் உள்ளே போகிறது, ஆனால் சிலருக்கு ரத்தத்தில் கலந்து மூளையின் மேலுறைக்கு அருகில் போய்ச் சின்னஞ்சிறு முடிச்சாகத் தங்கிவிடுகிறது. அப்படியே மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தூங்கலாம். ஏதோ ஒரு நாள் அது உடைந்து, மூளையைச் சுற்றி ஓடும் நீரில் கிருமி கலக்கிறது. அமெரிக்காவில் ஆர்னால்ட் ரிச், ஹோவர்ட் மெக்கார்டாக் என்ற இருவர் 1933-ல் பிரேதப் பரிசோதனைகளை வைத்து இதைக் கண்டு சொன்னார்கள். அந்த முடிச்சுக்கு இன்றும் ரிச்சின் பெயர்தான்.

உடைந்த பிறகு நடப்பதுதான் கொடுமை. மூளையின் அடிப்பாகத்தில் பிசின் போலக் கெட்டியான கசிவு படிகிறது. மூளை நீர் வடியும் வழிகளை அது அடைக்கிறது, தலைக்குள் நீர் தேங்குகிறது. அந்த வழியே போகும் மெல்லிய ரத்தக் குழாய்களை நெரிக்கிறது, பக்கவாதம் வருகிறது. கண்ணுக்கும் முகத்துக்கும் போகும் நரம்புகளைச் சுற்றிக்கொள்கிறது, மாறுகண் விழுகிறது, சிலருக்குப் பார்வையே போகிறது. மருந்து கிருமியைக் கொல்லும். ஏற்கெனவே செத்துப்போன மூளைத் திசுவை எந்த மருந்தும் திருப்பித் தராது. நாள் கணக்கு அவ்வளவு முக்கியமாவது இதனால்தான்.

அந்த 22 நாளைப் பிறகு நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்.

முதல் நான்கு நாள் தலைவலி, சாயங்காலமானால் லேசான காய்ச்சல். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறான். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், ஷிப்டு போனால்தான் சம்பளம். ஐந்தாம் நாள் ஒரு கிளினிக்கில் ஊசி. அது கேட்கவில்லை என்று ஒன்பதாம் நாள் ரத்தப் பரிசோதனை. வைடால் பாசிட்டிவ், டைபாய்டு என்றார்கள். டைபாய்டு பரவலாக இருக்கும் நம் ஊர்களில் வைடால் பரிசோதனை நோய் இல்லாதவருக்கும் பாசிட்டிவ் காட்டுவது சாதாரணம். அதை அன்றைக்கு எங்களுக்கு யார் சொல்வது? ஒரு பெயர் கிடைத்துவிட்டது, எல்லோருக்கும் நிம்மதி. ஊருக்கு வந்தான். அம்மா ரசஞ்சோறு கொடுத்தார், வாந்தி எடுத்தான்.

பதினான்காம் நாளுக்கு மேல் அவன் குணம் மாறியது. வெளிச்சம் பிடிக்கவில்லை. பேசினால் எரிந்து விழுந்தான். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். காதல் விவகாரம் என்றார் ஒரு மாமா. குடிப்பழக்கம் ஆரம்பித்திருக்கும் என்றார் இன்னொருவர். அம்மா கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். அதற்காக நான் அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை ஆளே மாறிப்போனால் பெற்றவளுக்கு வேறு என்ன தோன்றும்? பத்தொன்பதாம் நாள், “அக்கா, நீ ரெண்டு பேரா தெரியற” என்றான். இடது கண் உள்பக்கம் இழுத்திருந்தது. அப்போதே நான் வண்டி ஏற்றியிருக்க வேண்டும். டைபாய்டு ஊசி இன்னும் இரண்டு நாள் பாக்கி என்று விட்டுவிட்டேன். 22-ம் நாள் மாலை வலிப்பு வந்தது.

காய்ச்சலும் தலைவலியும் ஐந்து நாளைத் தாண்டிப் போவதே மருத்துவர்களுக்கு இந்த நோய் பற்றிய ஓர் எச்சரிக்கை. சாதாரண பாக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சல் ஒன்றிரண்டு நாளிலேயே ஆளைச் சாய்த்துவிடும், வீட்டிலிருப்பவர்கள் பதறி ஓடிவிடுவார்கள். இது மெல்ல வரும். இன்றைக்கு நேற்றைவிடக் கொஞ்சம் மோசம், அவ்வளவுதான் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகப் போவதற்கு வீடு பழகிக்கொள்கிறது.

அன்றிரவே பரிசோதனைக்கு முதுகு வழியாக மூளை நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. முதுகில் ஊசி குத்தினால் கால் விளங்காமல் போய்விடும் என்று வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். காலை வரை யோசிக்கலாம் என்றேன். விடியற்காலையில் அந்தப் பயிற்சி மருத்துவர் திரும்பி வந்து தரையில் எங்களோடு உட்கார்ந்தார். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது, ஊசி போவது அதற்குக் கீழே, நீர் இருக்கும் இடத்தில் என்று தன் முதுகைத் தொட்டுக் காட்டி விளக்கினார். “நீங்க யோசிச்ச நேரத்துல அவருக்கு என்ன ஆகுதுன்னு எனக்குத் தெரியல, அதான் பயமா இருக்கு” என்றார். கையெழுத்துப் போட்டேன். அந்த எட்டு மணி நேரம் என் கணக்கில் இருக்கிறது.

நீரில் சர்க்கரை குறைவு, புரதம் அதிகம், வெள்ளணுக்களில் பெரும்பாலும் லிம்போசைட்டுகள். எல்லாம் டி.பி. பக்கம்தான் காட்டின, ஆனால் கிருமி தெரியவில்லை. கண்ணாடிச் சில்லில் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள், இல்லை. ‘சிபிநாட்’ என்ற மரபணுப் பரிசோதனை செய்தார்கள், அதிலும் இல்லை என்று வந்தது. அப்படியானால் டி.பி. இல்லையே என்று நான் வாதாடினேன். இந்த நோயின் பெரிய பொறி இங்கேதான் இருக்கிறது. மூளை நீரில் கிருமிகள் மிகக் குறைவாகத்தான் மிதக்கும். எத்தனையோ நோயாளிகளுக்குச் சாயப் பரிசோதனை எதையும் காட்டாது, மரபணுப் பரிசோதனையும் பலரைத் தவறவிடும், கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் கூடுதலாக நீர் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். ‘இல்லை’ என்ற தாளை நம்பி மருந்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் ஆளை இழக்கிறார்கள். தலைமை மருத்துவர் ஒரே வரியில் முடித்தார்: “ரிசல்ட்டுக்கு வைத்தியம் பாக்கறதில்லம்மா, உங்க தம்பிக்குப் பாக்கறோம்.” அன்று மதியமே மூக்கில் குழாய் போட்டு மாத்திரையைக் கரைத்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

கேஸ் ஷீட்டில் ‘ஸ்டேஜ் 2’ என்று எழுதியிருந்தது. புற்றுநோய்க்குச் சொல்வது போல என்று நினைத்துப் பயந்தேன். இது வேறு. இந்தப் பிரிவு 1948-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலில் வந்தது. டி.பி.க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து புதிதாக வந்த காலம். அதற்கு முன் இந்த நோய் வந்தவர்கள் அநேகமாக எல்லோரும் இறந்தார்கள். அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தவர்கள் நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். இன்று அதை இப்படிப் பார்க்கிறார்கள்: நினைவு தெளிவாக இருந்து, கை கால் கண் எதிலும் குறை இல்லையென்றால் முதல் நிலை. நினைவு மங்கத் தொடங்கியிருந்தாலோ, ஒரு நரம்போ ஒரு கையோ செயலிழந்திருந்தாலோ இரண்டாம் நிலை. கூப்பிட்டால் சரியாகப் பதில் வராத ஆழ்ந்த மயக்கம் மூன்றாம் நிலை. கண் திறப்பது, பேச்சு, அசைவு மூன்றையும் வைத்து 15-க்கு மதிப்பெண் போடும் கிளாஸ்கோ கணக்கு பிற்பாடு இதோடு சேர்ந்தது. தம்பிக்கு அன்று 11.

எழுபது வருடத்துக்கு மேலாகியும், எத்தனையோ ஸ்கேன்கள் வந்தும், ஒரு நோயாளி பிழைப்பாரா என்பதைக் கணிக்க இந்தப் பழைய மூன்று நிலைகளைத்தான் இன்னும் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். சென்னையிலிருந்த காசநோய் ஆராய்ச்சி மையம் 1 முதல் 12 வயது வரையுள்ள 180 குழந்தைகளுக்கு வெவ்வேறு மருந்து முறைகளைக் கொடுத்து 1980-களில் முடிவுகளை வெளியிட்டது. கால்வாசிக்கு மேல் குழந்தைகள் இறந்தார்கள். முழுதாகக் குணமானவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான். விளைவை வலுவாகத் தீர்மானித்தது குழந்தை எந்த நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தது என்பதே. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்த மருந்து என்பதைவிட எந்த நாள் என்பது பெரிதாக இருந்திருக்கிறது. மருந்தைக் கூட்டிப் பார்த்தும் அதிகம் மாறவில்லை. வியட்நாமில் 817 பேரிடம் ரிஃபாம்பிசின் என்ற டி.பி. மருந்தின் அளவைக் கூட்டி, லீவோஃபிளாக்சசின் என்ற இன்னொரு மருந்தும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு குறையவில்லை.

மாற்றியது ஒன்று உண்டு, ஸ்டீராய்டு. அதே வியட்நாமில் 545 பேரிடம் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தவர்களில் 31.8 சதவீதம் பேரும், கொடுக்காதவர்களில் 41.3 சதவீதம் பேரும் இறந்தார்கள். நூற்றுக்கு ஒன்பது பத்து உயிர். ஆனால் பிழைத்தவர்களின் ஊனத்தை அது குறைக்கவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் தனியே செய்து 2023-ல் வந்த ஆய்வில் உயிர் காக்கும் பலனும் தெளிவாகத் தெரியவில்லை. எச்.ஐ.வி. இருந்தால் இந்த நோயில் இறக்கும் வாய்ப்பு மிகவும் கூடுகிறது. அதனால்தான் முதல் நாளே அந்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். வீட்டில் சிலர் அதை அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். மருந்துக்கு அசையாத வகைக் கிருமியாக இருந்தாலும் ஆபத்து மிக அதிகம். தம்பிக்கு இரண்டும் இல்லை.

மூன்றாம் நாள் மதிப்பெண் 11-லிருந்து 9-க்கு இறங்கியது. கூப்பிட்டால் முனகினான், கண் திறக்கவில்லை. சி.டி. ஸ்கேனில் மூளையின் அறைகள் நீர் தேங்கி வீங்கியிருந்தன. ஷன்ட் வைக்க வேண்டும், அதாவது தலையிலிருந்து தோலுக்கடியில் ஒரு குழாயை வயிற்றுக்குள் இறக்கி நீரை வடிக்க வேண்டும் என்றார்கள். இந்த முறை நான் உடனே கையெழுத்துப் போட்டேன். அந்த முடிவுக்கு மருத்துவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் அளவுகோல் நம் வேலூரில் பிறந்தது என்று பிறகுதான் தெரியும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1975 முதல் 1986 வரை இந்த நோய்க்காக ஷன்ட் வைத்த 114 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்து, அறுவைக்கு முன் இருந்த நினைவு நிலையை வைத்து நான்காகப் பிரித்து 1991-ல் எழுதினார்கள். நல்ல நினைவோடு, குறை ஏதும் இல்லாமல் போனவர்களில் 20 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். அடுத்த நிலையில் 34.7, அதற்கடுத்து 51.9. ஆழ்ந்த மயக்கத்தில் அறுவைக்குப் போன நான்காம் நிலையினர் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. தம்பி அந்தக் கணக்கில் மூன்றாம் நிலை. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் என்று நினைக்கவே நான் விரும்புவதில்லை.

ஷன்ட் வைத்த மறுநாள் கண் திறந்தான். அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தோம். ஐந்தாம் நாள் வலது கையும் வாய்க்கோணமும் இழுத்துக்கொண்டன. கிருமி குறைந்துகொண்டிருக்கும்போதே நெரிபட்ட ரத்தக் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது. மருந்து ஆரம்பித்த பிறகும் பக்கவாதம் வரும் என்பதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தாலும் தடுத்திருக்க முடியாதுதான், ஆனால் அம்மா அன்றைக்கு “மருந்துதான் கையை வாங்கிடுச்சு” என்று மாத்திரையை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். அப்படி நிறுத்திக் கூட்டிப்போனவர்கள் உண்டு என்று நர்ஸம்மா சொன்னார். ஸ்கேனில் பக்கவாதம் தெரிந்தால் விளைவு மோசமாகும் என்பது எல்லா இடத்திலும் கண்டது. ஆஸ்பிரின் சேர்த்துக் கொடுத்தால் குறையுமா என்று லக்னோவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வியட்நாமிலும் சோதித்திருக்கிறார்கள்.

அப்புறம் உப்பு. ரத்தத்தில் சோடியம் 135-க்கு மேல் இருக்க வேண்டும், அவனுக்கு 121. மூளை பாதிக்கப்பட்டால் உடல் நீரையும் உப்பையும் கையாளும் விதம் குழம்பிப்போகிறது. சிலருக்கு உடல் நீரை அளவுக்கு மீறித் தேக்குகிறது, சிலருக்கு உப்பு சிறுநீரில் கொட்டுகிறது. எண் ஒன்றுதான், வைத்தியம் நேரெதிர். உப்பை இழப்பவருக்குத் தண்ணீரையும் குறைத்தால் ரத்தம் கெட்டியாகிப் பக்கவாதம் கூடும். எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு சிறுநீர் வருகிறது என்று ஒரு நோட்டில் மில்லி கணக்காக எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பதினோரு நாள் எழுதினேன். வார்டில் நான் உருப்படியாகச் செய்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் வாரம் கண் மஞ்சளானது. ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட், பைராசினமைட் மூன்றுமே ஈரலைத் தாக்கக்கூடியவை. நிறுத்தாவிட்டால் ஈரல் போகும். நிறுத்தினால் மூளையில் கிருமி மீண்டும் எழும்பும். சிகிச்சையின் ஆரம்ப மாதங்களில் மருந்து விட்டுப்போவது உயிருக்கே ஆபத்து. ஈரலைத் தொடாத மருந்துகளை இடையில் கொடுத்து, பழையவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தார்கள். அந்த ஒன்பது நாளும் தலைமை மருத்துவர் தினமும் இரண்டு முறை வந்தார்.

அம்மாவுக்கு ஒரு கேள்வி தீரவேயில்லை. “பொறந்தப்பவே ஊசி போட்டமே, இடது கையில தழும்பு இருக்கே?” பி.சி.ஜி. ஊசி குழந்தைகளுக்கு இந்த மூளை டி.பி. வராமல் காப்பதில் நல்ல பலன் தருகிறது. பெரியவர்களை அது அப்படிக் காப்பதில்லை. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரிய ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் டி.பி.யை அது தடுக்கவில்லை என்று கண்டார்கள். குழந்தைகளுக்கு ஊசி போடாமல் விட்டுவிடாதீர்கள். குழந்தைகளுக்கு வந்தால் எவ்வளவு கொடுமை என்பதற்கு 2014-ல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கணக்கு இருக்கிறது: சிகிச்சை எடுத்தும் 19.3 சதவீதம் குழந்தைகள் இறக்கிறார்கள், பிழைத்தவர்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு நரம்புக் குறையோடு வாழ்கிறார்கள். பெரியவர்களில் 2019-ல் மட்டும் உலகில் சுமார் 1,64,000 பேருக்கு இந்த நோய் வந்து 78,000 பேர் இறந்திருப்பார்கள் என்பது இன்னொரு மதிப்பீடு.

வீட்டுக்கு வந்தது ஆஸ்பத்திரியில் சேர்த்த 47-ம் நாள். பன்னிரண்டு மாத மாத்திரை. காசநோய்ப் பிரிவு ஊழியர் மாதாமாதம் வந்து எண்ணிப் பார்த்தார். எத்தம்பியூட்டால் என்ற மாத்திரை கண்ணைப் பாதிக்கலாம் என்பதால் நிறங்களைச் சொல்லச் சொல்லிக் கேட்பார். சேர்த்தபோது தம்பியின் எடை 41 கிலோ. திருப்பூரில் இரண்டு ஷிப்டு பார்த்துவிட்டுப் பரோட்டாவும் டீயுமாக வாழ்ந்த உடம்பு. ஒட்டிய உடம்போடு டி.பி.யைச் சந்திப்பவர்கள்தான் அதிகம் இறக்கிறார்கள் என்பதால் தமிழ்நாடு 2022-ல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கி, நோய் கண்ட உடனே எடையையும் மூச்சையும் நடமாட்டத்தையும் பார்த்து மோசமானவர்களை முதலில் சேர்க்கிறது. சத்துணவுக்கு அரசு தந்த மாதம் 500 ரூபாய் முட்டைக்குப் போனது. இப்போது அது 1,000 ஆகியிருக்கிறது.

அவன் பிழைத்தான். நடக்கிறான், பேசுகிறான், சிரிக்கிறான். வலது கை விரல்கள் முழுதாக வரவில்லை, ஓவர்லாக் மெஷினில் உட்கார முடியாது. அதே கம்பெனியில் செக்கிங்கில் நிற்கிறான், சம்பளம் பாதிதான். சட்டைப் பொத்தானை இடது கையால் போடக் கற்றுக்கொண்டுவிட்டான். அந்த மூன்று வாரம் அவன் நினைவில் இல்லை. கயிறு கட்டியதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறான்.

தீபாவளிக்கு அந்த ரூம் பையன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். அன்றைக்கு எப்படி இருபத்திரண்டு என்று அவ்வளவு சரியாகச் சொன்னாய் என்று கேட்டேன். கை கழுவிவிட்டு வந்து போனை எடுத்துத் தேடிக் காட்டினான். தம்பிக்கு அவன் ஜிபே செய்திருந்த 30 ரூபாய். “தலைவலி மாத்திரை வாங்கக் காசு கேட்டானுங்கக்கா. திருப்பித் தரவே இல்ல, அதனால தேதி ஞாபகம் இருந்துச்சு” என்றான்.